சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றவன்

கையில் ஒரு பார்சல் இருந்தால் லண்டனில் எங்கேயும் நிற்கலாம். ஆறு வருடம் வான் ஓட்டிப் பார்சல் கொடுத்ததில் கேதீஸ்வரன் கற்றுக்கொண்ட ஒரே உருப்படியான பாடம் அதுதான். அவன் நிறத்தில் ஒருவன் வெறுங்கையோடு ஒரு மாடிக்கட்டட வாசலில் ஐந்து நிமிடம் நின்றால் திரைச்சீலை விலகும், ஆறாவது நிமிடம் காவலாளி வந்து உங்களுக்கு ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்பான், அது என்ன உதவி என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதே ஆள் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு பெட்டியை அணைத்தபடி நின்றால் கதவைத் திறந்துவிடுவார்கள், நன்றிகூடச் சொல்வார்கள். இப்போது அவன் நெஞ்சோடு வைத்திருக்கும் பெட்டிக்குள் யாரோ வேண்டாம் என்று திருப்பிய ஒரு மேசை விளக்கு இருக்கிறது. பின்னேரம் அது களஞ்சியத்துக்குத் திரும்ப வேண்டும், அதுவரைக்கும் அது அவனுக்கு மறைப்பு. பெட்டியின் விளிம்புக்கு மேலால் கண்ணை மட்டும் வைத்து, தேம்ஸ் கரையில் அறுபது காலடித் தூரத்தில் நிற்கும் அந்தக் கல்லையும் கல்லுக்கு முன்னால் நிற்கும் மனிதனையும் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மனிதன் அவனுடைய கூடப்பிறந்த அண்ணன் நகுலேஸ்வரன். பார்த்துப் பதினைந்து வருடம். மத்தியானம் ஒன்றரைக்கு வா என்று சொன்னதற்கு ஒன்று பத்துக்கே வந்து நிற்கிறான்.

வந்ததும் வராததுமாகச் சப்பாத்தை வேறு கழற்றிவிட்டான். அதைப் பார்த்ததும் கேதீஸ்வரனுக்குப் பகீரென்றது. மாசி மாதக் குளிர், ஆற்றுக் காற்று முகத்தைக் கிழிக்கிறது, நாய் பிடித்துக்கொண்டு போகிறவர்கள்கூடக் காதை மூடியிருக்கிறார்கள், இவன் என்னடாவென்றால் இரண்டு சப்பாத்தையும் சோடி சேர்த்து ஓரத்தில் வைத்து, காலுறையை உருட்டி அதற்குள் செருகி, வெறுங்காலோடு கல்லுக்கு முன்னால் தலை குனிந்து நிற்கிறான். ஏன் என்று விளங்கக் கேதீஸ்வரனுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. ஊரில் எழுத்து வெட்டிய கல் என்றால் கீழே ஆள் இருக்கும். சண்டையில் செத்த போராளிகளைப் புதைத்த அந்தக் கல்லுகளின் வரிசைக்குள் போகும்போது வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும், சின்னப்பிள்ளைக்கும் அது தெரியும். பிறகு ஆமிக்காரர் அந்தக் கல்லுகளை டோசர் போட்டுக் கிளறிவிட்டார்கள், கழற்றுகிற பழக்கம் மட்டும் கால்களில் மிஞ்சிவிட்டது. ஆனால் இது அந்தக் கல் இல்லையே அண்ணை. இது நானூறு வருடத்துக்கு முன்னால் இந்தத் துறையில் மூன்று கப்பலில் ஏறி அமெரிக்காவில் குடியேறப் போன இங்கிலீஷ்காரருக்கு வைத்த கல். நூற்றைந்து பேர் போனார்களாம், தகட்டில் எழுதியிருக்கிறது. இந்தப் பக்கம் வேலை விழுகிற நாட்களில் கேதீஸ்வரன் இந்தப் படியில் இருந்துதான் சாப்பிடுவான், அந்த எழுத்தை எத்தனையோ தரம் வாசித்திருக்கிறான். போனவர்களைச் சாகசக்காரர் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். அண்ணனும் இருபது நாளைக்கு முன்னால் ஒரு ரப்பர் படகில் ஏறிக் கடல் கடந்து வந்தவன்தான். அவனுடைய கடுதாசியில் அவனை என்னவென்று எழுதியிருப்பார்கள் என்று கேதீஸ்வரனுக்குத் தெரியும், நிச்சயமாகச் சாகசக்காரர் என்று இல்லை. தமிழ் ஆட்கள் ஒருவரும் எட்டிப் பார்க்காத இடம் என்றுதான் இந்தக் கல்லடியைச் சொன்னான். ஈஸ்ட்ஹாமில் சந்தித்தால் ஐந்து நிமிடத்தில் பத்துப் பேர் கண்டுவிடுவார்கள். இங்கே ஒரு குருவியும் இல்லை என்று பார்த்தால், இவன் சப்பாத்தைக் கழற்றி ஊரைக் கூட்டப் பார்க்கிறான்.

பயம் என்னவென்றால், நகுலேஸ்வரன் செத்துப் பதின்மூன்று வருடமாகிறது. கடுதாசியில். அந்தச் சாவை எழுதியவன் கேதீஸ்வரன். சும்மா எழுதவில்லை, மாஸ்டர் சொல்லச் சொல்ல எழுதினான். மாஸ்டர் ஊரில் உண்மையாகவே படிப்பித்தவர், இங்கே வந்து ஒரு மளிகைக்கடைக்கு மேலே அறை எடுத்து, அகதி வழக்குப் போடுகிறவர்களுக்குக் கதையை நேராக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கேதீஸ்வரன் இருபத்தாறு வயதில், வேறு யாரோ ஒருவரின் பாஸ்போர்ட்டில் வந்து இறங்கி, இன்னும் குளிருக்கு ஒரு நல்ல சட்டைகூட இல்லாமல் அவர் முன்னால் இருந்தபோது அவர் கேட்டார், "அண்ணருக்கு என்ன நடந்தது?" "பிடிச்சு வைச்சிருக்கினம் மாஸ்டர். வவுனியா முகாமில. புனர்வாழ்வு எண்டு." மாஸ்டர் பேனாவை மேசையில் தட்டினார். "காணாது தம்பி. பிடிச்சு வைச்சிருக்கிற அண்ணன் எல்லாற்ற கேசிலயும் இருக்கிறார். செத்திருந்தாத்தான் உம்மட கேசுக்குப் பாரம்." கொல்லு என்று அவர் சொல்லவில்லை. தராசில் இன்னும் ஒரு கத்தரிக்காய் போடச் சொல்கிறமாதிரித்தான் சொன்னார். பிறகு, ஒரு மரண அறிவித்தல் பேப்பரில் வந்திருந்தால் நல்லது என்றார். அதையும் கேதீஸ்வரனே எழுதினான். எழுத ஒரு கஷ்டமும் இருக்கவில்லை, அதுதான் இன்றைக்கும் அவனால் தாங்க முடியாத விஷயம். உடுத்துறையைப் பிறப்பிடமாகக் கொண்ட நாகேந்திரம் நகுலேஸ்வரன் அகால மரணமடைந்தார், அன்னார் காலஞ்சென்ற நாகேந்திரம், புஷ்பமலர் தம்பதியரின் அன்பு மூத்த புதல்வனும் கேதீஸ்வரனின் பாசமிகு அண்ணனும் ஆவார். கை தன்பாட்டில் ஓடியது. பிறந்த நாளிலிருந்து பேப்பரில் பார்த்த வசனங்கள்தானே. படத்துக்கு, அம்மா மடித்துத் தந்துவிட்ட ஒரேயொரு படத்தில் இருந்து அண்ணனை வெட்டினான். அதில் அண்ணனும் தம்பியும் ஒட்டி நின்றார்கள், எங்கே வெட்டினாலும் தம்பியின் கை அண்ணனின் தோளில் கிடந்தது. கத்தரிக்கோலால் எவ்வளவு நுணுக்கியும் நாலு விரல் மிஞ்சிவிட்டது. பேப்பரிலும் அப்படியே வந்தது, செத்தவனின் தோளில் ஆரென்று தெரியாத ஒருவரின் நாலு விரல்.

வழக்கு வென்றது. வென்ற வழக்கில்தான் எல்லாம் தொங்குகிறது. சுகிர்தாவைக் கட்டிக் கூப்பிட்டது, ஆரபி பிறந்தது, அவள் இப்போது பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் கனவு காண்பது, எல்லாம். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே அவன் பயந்து பயந்து வருடக்கணக்காய்த் தள்ளிப்போட்டான், கிடக்கிற வழக்குக் கோவையை ஏன் திறக்கச் செய்வான் என்று. கடைசியில் சுகிர்தாவின் அரியண்டம் தாங்காமல் போட்டான், வந்துவிட்டது. வருகிற புதன்கிழமை பத்து மணிக்கு நகரமண்டபத்தில் சத்தியப்பிரமாணம். ஆரபிக்குப் புதுச்சட்டை வாங்கியாயிற்று. அப்படியிருக்கும்போது தெரியாத நம்பரில் இருந்து ஒரு போன், "நான் வந்திட்டன்" என்று ஒரு குரல், அவ்வளவுதான். கேதீஸ்வரன் அப்போது ஒரு மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான், அப்படியே படியில் குந்திவிட்டான். சந்தோசமா என்று கேட்டால், ஓம், ஒரு நொடி சந்தோசம்தான். மற்ற நொடி அந்தக் கேள்வி வந்து குந்திக்கொண்டது, இன்றுவரைக்கும் எழும்பவில்லை. கரையில் இறங்கிய முதல் நாளே கேட்பார்கள், இங்கே உனக்குச் சொந்தக்காரர் யாரும் இருக்கிறார்களா என்று. அண்ணன் என்ன சொன்னான்? தம்பி இருக்கிறான், பெயர் இன்னது என்று சொல்லியிருந்தால் எங்கேயோ ஓர் அறையில் அதிகாரி ஒருத்தி இரண்டு கோவையைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பாள். ஒன்றில் செத்தவன், மற்றதில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பான். போனில் கேட்டால் முடிந்தது. ஆனால் போனில் அப்படியானதுகள் கதைக்கக் கூடாது என்று சண்டைக்காலத்தில் படித்த படிப்பு இரண்டு பேருக்கும் நாக்கிலேயே இருக்கிறது. சாப்பிட்டியா, குளிரோ, அவ்வளவுதான். நாளைக்கு விடிய அண்ணனை, அகதிகளை வைத்திருக்கிற இந்த ஹொட்டலில் இருந்து எடுத்து வடக்கே எங்கேயோ கொண்டுபோகிறார்கள், அடுத்த கிழமை பெரிய விசாரணை. பார்ப்பதென்றால் இன்றைக்குத்தான். "புதன்கிழமை முடியட்டும், பிறகு ரயில் ஏறிப் போய்ப் பாருங்கோ," என்று காலையில் சுகிர்தா சொன்னாள், "அவர் என்ன, ஓடியா போயிடுவார்." அவள் கெட்டவள் இல்லை. நேற்று இராத்திரி அவள்தான் அண்ணனுக்கென்று புட்டும் மீன்குழம்பும் கட்டிவைத்தவள். அதை வானில் வைத்துவிட்டு வந்திருக்கிறான். வான் நிற்பது நிறுத்தக் கூடாத மஞ்சள் கோட்டில்.

அண்ணன் திரும்பினான். கேதீஸ்வரன் சட்டென்று பெட்டியை முகத்துக்கு உயர்த்தினான். கண்டானா? இல்லை, ஆற்றைப் பார்க்கிறான். திரும்பிய வாக்கில் பக்கவாட்டு முகம் தெரிந்தது. அந்த மூக்கு. அப்புவின் மூக்கு, நடுவில் எலும்பு புடைத்து நுனி கீழே வளைந்த மூக்கு. உடுத்துறையில் அந்த மூக்கை வைத்தே நாகேந்திரத்தின் பெடியள் என்று கண்டுபிடிப்பார்கள். அதே மூக்கைத்தான் கேதீஸ்வரனும் இந்தப் பதின்மூன்று வருடமாய் லண்டன் முழுக்கச் சுமந்து திரிகிறான், குளிப்பறைக் கண்ணாடியில் தினமும் அதைப் பார்த்துத்தான் சவரம் செய்கிறான். கடுதாசியை எப்படியும் எழுதலாம், மூக்கை என்ன செய்வது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் குருடனுக்கும் தெரியும். அதனால்தான் வரும்போதே ஒரு திட்டம் போட்டு வந்தான், அண்ணன் படியில் இருக்கட்டும், நான் வேலியில் சாய்ந்து ஆற்றைப் பார்த்தபடி கதைக்கிறேன், வழியில் கண்ட இரண்டு பேர் மாதிரி. விளக்குக் கம்பத்தில் ஒரு கமரா இருக்கிறது, எங்கே பார்க்கிறது என்று கீழே நின்று சொல்ல முடியாது. அதோ ஒரு கிழவர், தலையில் கம்பளித் தொப்பி, கையில் ஒரு கட்டை நாயின் கயிறு, கல்லுக்குப் பக்கத்து வாங்கில் வந்து குந்துகிறார். வெறுங்கால்களைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்புகிறார். இப்படித்தான் திரும்புவார்கள், பார்க்க அனுப்பப்பட்டவர்கள். சீ, யாரையடா பார்க்க அனுப்புவார்கள், நீ என்ன பெரிய மந்திரியா. ஆனால் ஏன் இன்றைக்கு, ஏன் இந்த வாங்கில், அங்காலே எத்தனை வாங்கு சும்மா கிடக்கிறது. விமானநிலையத்தில் இருந்து எழும்பிய பிளேன் ஒன்று தலைக்கு மேலால் உறுமிக்கொண்டு போனது, அவனுக்குக் கால் தானாக மடங்கப் பார்த்தது. அந்தச் சத்தத்துக்கு இன்னும் பழகவில்லை, இனியும் பழகாது. அண்ணனும் தோளைக் குறுக்கியதைக் கண்டான். அறுபது காலடித் தூரத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரிக் குறுகினார்கள், கிழவர் மட்டும் நாயின் காதைச் சொறிந்துகொண்டிருந்தார்.

போய்விடலாம். வானுக்குப் போய், பார்சல் கூடிப்போச்சு அண்ணை, வரமுடியேல்லை என்று ஒரு செய்தி அனுப்பிவிடலாம். அண்ணன் கோபிக்க மாட்டான், கோபித்தாலும் சொல்ல மாட்டான். புதன்கிழமை முடிய, நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு, சுகிர்தாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வடக்கே போய் ஒழுங்காகப் பார்க்கலாம். கேதீஸ்வரன் திரும்பி ஏழெட்டு எட்டு வைத்தும் விட்டான். பிறகு எதற்கென்று தெரியாமல் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அண்ணன் ஒற்றைக்காலில் நின்றான். வலது பாதத்தை எடுத்து இடது கெண்டைக்காலில் தேய்த்துக்கொண்டிருந்தான், பிறகு காலை மாற்றி மற்றதை. விடியற்காலையில் கரைவலை இழுக்கப் போய், தண்ணீரில் இறங்க முதல், குளிருக்கு அவன் அப்படித்தான் நிற்பான். பக்கத்தில் நின்று கேதீஸ்வரனும் பார்த்துப் பார்த்து அதையே செய்வான், இரண்டு கொக்கு நிற்குது பாருங்கோ என்று வலைக்காரர் சிரிப்பார்கள். சப்பாத்து ஓர் அடி தூரத்தில் இருக்கிறது, குளிர்கிறது, ஆனாலும் கல்லுக்கு முன்னால் போடக் கூடாது என்று அந்த மடையன் காலை மாற்றி மாற்றித் தேய்த்துக்கொண்டு நிற்கிறான். கேதீஸ்வரனுக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரம்தான் அவனை நடத்திக்கொண்டு போனது, பாசம் என்று சொன்னால் பொய்.

"சப்பாத்தைப் போடுங்கோ அண்ணை," என்றான். பதினைந்து வருடத்துக்குப் பிறகு அவன் வாயில் வந்த முதல் வார்த்தை அதுதான்.

நகுலேஸ்வரன் அவனைப் பார்த்தான். முன்பல் ஒன்று இல்லை. தலை முக்கால்வாசி வெள்ளை. கட்டிப்பிடிக்க ஒரு எட்டு வைத்தவன், இடையில் அந்தப் பெட்டி இருப்பதைக் கண்டு நின்றான். "கொழுத்துப் போனாய்," என்றான். பிறகு கல்லைக் கண்ணால் காட்டினான். "ஆர் இவை? கடலில போன ஆக்களோ?"

"ஓம். கப்பலில போனவை. செத்த ஆக்கள் இல்லை அண்ணை, இது வேற கல்லு. அமெரிக்காவில குடியிருக்கப் போன வெள்ளைக்காரர்."

"திரும்பி வந்தவையோ?"

"கனபேர் வரேல்லை. போன முதல் வருசமே பாதிக்கு மேல செத்துப்போச்சினம். காய்ச்சல் வருத்தம், பட்டினி."

"அப்ப நான் கழட்டினது சரிதானே," என்றான் நகுலேஸ்வரன். சொல்லிவிட்டுப் படியில் குந்தினான், காலைக் கைகளால் பொத்திக்கொண்டான். திட்டப்படி கேதீஸ்வரன் வேலிப்பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை, ஆனால் பக்கத்திலும் இருக்கவில்லை. பெட்டியைப் பிடித்தபடி இரண்டு முழம் தள்ளி நின்றான். ஆறு வத்திக்கொண்டிருந்தது, சேறு தெரிந்தது. அண்ணன் அதையே கொஞ்ச நேரம் பார்த்தான். "இஞ்சயும் வத்துப் பெருக்கு இருக்கு என்ன," என்றான். அம்மாவின் முழங்கால், ஆரபியின் படிப்பு, ஹொட்டல் சாப்பாட்டில் உப்பில்லாதது என்று கொஞ்சம் கதைத்தார்கள். கிழவர் வாங்கில் அசையாமல் இருந்தார். அண்ணன் திடீரென்று, ஏதோ ஞாபகம் வந்தவன் போல, "அந்தப் பேப்பர் முகாமுக்கு வந்ததடா," என்றான்.

கேதீஸ்வரன் பெட்டியை இன்னும் உயர்த்திப் பிடித்தான்.

"ஆமிப் பெரியவன் ஒருத்தன் கூப்பிட்டுக் காட்டினவன். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, படம் தெரியும்தானே. நீ செத்திட்டாய், இனி உன்னை ஒருத்தரும் தேடி வரமாட்டினம் எண்டான். சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவன். ரெண்டு கிழமை எனக்கு நித்திரை இல்லை. கதவு திறக்கிற நேரமெல்லாம் என்னைக் கொண்டுபோகத்தான் எண்டு நினைச்சன்." நகுலேஸ்வரன் பெருவிரலை நசித்து நசித்துச் சூடாக்கினான். "அம்மாவுக்கு எப்பிடியோ தெரிஞ்சிட்டுது. வந்து முகாம் கேட்டடியில மூண்டு நாள் இருந்தவ. என்ர பிள்ளை உயிரோட இருக்கு, பேர் இது, நம்பர் இது எண்டு போறவாற ஆமிக்காரன் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு இருந்தவ. அதுக்குப் பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது."

அம்மா சொல்லவேயில்லை. பதின்மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை கதைக்கிறாள், குழம்புக்குப் புளி எவ்வளவு என்று சுகிர்தாவுக்குச் சொல்கிறாள், பிள்ளைக்குச் சளி என்றால் என்ன தடவ வேண்டும் என்று சொல்கிறாள், மூன்று நாள் வெயிலில் கிடந்ததைச் சொல்லவேயில்லை. அந்த நாலு விரலையும் அவள் பேப்பரில் பார்த்திருப்பாள். தன் மற்றப் பிள்ளையின் விரல் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும். அந்த மூன்று நாளில் நான் எங்கே இருந்தேன், என்ன சாப்பிட்டேன். மாஸ்டரின் அறையில் இருந்து இறங்கி வந்து கோழிப்பொரியல் வாங்கித் தின்றது ஞாபகம் வருகிறது, நல்ல பசி அன்றைக்கு. "அண்ணை," என்றான். "நான்..." "விடு," என்றான் நகுலேஸ்வரன். விடச் சொன்னால் விட முடியுமா. கேதீஸ்வரனுக்கு அழுதுவிடலாம் என்று இருந்தது, அந்தக் கால்களைப் பிடித்துக்கொள்ளலாம் என்று இருந்தது, அதற்கெல்லாம் நடுவில் அந்தக் கேள்வி மட்டும் குந்திய இடத்தை விட்டு அசையவில்லை. இப்போது அதைக் கேட்பவன் மனிதனே இல்லை. புதன்கிழமை பத்து மணி. ஆரபியின் சட்டை, நீல நிறம். கேளாமல் போனால் இன்றிரவு சுகிர்தா கேட்பாள், அவர் என்ன சொன்னவராம் என்று. அவன் கிழவரைப் பார்த்தான், கமராவைப் பார்த்தான், பெட்டியின் மேல் ஒட்டியிருந்த முகவரியைப் பார்த்தான்.

"முதல் நாள் கேட்டிருப்பினமே அண்ணை," என்றான், குரல் சின்னதாக வந்தது. "இஞ்ச சொந்தம் ஆரும் இருக்கினமோ எண்டு. என்ன சொன்னனீங்கள்?"

நகுலேஸ்வரன் காலில் இருந்து கையை எடுத்தான். கேள்வி வரும் என்று தெரிந்து, அது எப்போது வரும் என்று காத்திருந்தவன் போல மூக்கைத் தடவினான்.

"ஒருத்தரும் இல்லை எண்டன். தம்பி ஒருத்தன் இருந்தவன், முள்ளிவாய்க்காலில செத்திட்டான் எண்டன்."

ஆற்றில் ஒரு படகு போனது, அலை வந்து சேற்றில் ஏறி இறங்கியது.

"பேப்பரில போடேல்லை," என்றான் நகுலேஸ்வரன்.

கேதீஸ்வரன் நின்றபடியே நின்றான். தப்பினேன் என்பதுதான் முதல் நினைவு. அதற்குப் பின்னாலேயே வேறொன்று வந்தது, தான் செத்திருக்கிறோம் என்பது. அது எப்படி இருக்கிறது என்று தொட்டுப் பார்க்கிறமாதிரி யோசித்தான். எங்கேயோ ஒரு கணினியில், என் பெயருக்கு நேரே. உடம்பில் ஒன்றும் செய்யவில்லை, ஆனால் கைகள் ஏனோ பெட்டியை இறுக்கின. மாஸ்டர் பழக்கிய புத்தி சும்மா இருக்குமா, அது ஓட்டை தேடத் தொடங்கியது. "எந்தத் தேதி எண்டு கேட்டிருப்பினமே. மாறிச் சொன்னா அடுத்த கிழமை பிடிப்பினம் அண்ணை."

"மே பதினாறு."

"ஏன் பதினாறு?"

"அண்டைக்குத்தானே நீ தண்ணி எடுக்கப் போய் வராம நிண்டனி. ரெண்டு மணித்தியாலம். கிணத்தடியில ஷெல் விழுந்ததெண்டு ஓடிவந்த பெடியள் சொன்னாங்கள். நான் போய் அங்க கிடந்த ஆக்களையெல்லாம் புரட்டிப் புரட்டிப் பாத்தனான்." நகுலேஸ்வரன் சாதாரணமாகத்தான் சொன்னான், மீன் விலை சொல்கிறமாதிரி. "இஞ்ச கேட்டவள் எப்பிடிச் செத்தவன், என்ன சட்டை போட்டிருந்தவன் எண்டெல்லாம் கேட்டவள். எனக்கு ஒண்டும் யோசிக்கத் தேவைப்படேல்லை. அண்டைக்கு நினைச்சதை அப்பிடியே சொன்னன். சொல்லேக்க அழுதிட்டன். அவள் எழும்பிப் போய் எனக்குத் தண்ணி கொண்டுவந்து தந்தவள்."

அன்றைக்கு அவன் பதுங்குகுழி ஒன்றுக்குள் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான். திரும்பி வந்தபோது அண்ணன் ஓங்கி ஒரு அறை விட்டான், ஒன்றும் கேட்கவில்லை, தண்ணீரைக்கூட வாங்கவில்லை. ஏன் அடித்தான் என்று இவ்வளவு நாளும் கேதீஸ்வரனுக்குத் தெரியாது. வாளியில் பாதித் தண்ணீரைச் சிந்திவிட்டேன் என்பதற்காக என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

"ஒரு படம் எடுப்பம்," என்றான் நகுலேஸ்வரன், உடைந்த கண்ணாடியோடு ஒரு போனை எடுத்து. "அம்மா கேட்டவ. ரெண்டு பேரும் ஒண்டா நிண்டு ஒண்டு அனுப்பச் சொல்லி. எனக்கு இதில ரெண்டு பேரையும் சேத்துப் பிடிக்கத் தெரியேல்லை." வேண்டாம் என்று சொல்லக் கேதீஸ்வரன் வாயைத் திறந்தான். படம் என்றால் சாட்சி. அம்மாவின் போனில் இருந்து மாமியின் போனுக்கு, மாமியில் இருந்து கனடாவுக்கு, இரண்டு பேரும், இரண்டு மூக்கும், பின்னால் ஒரு லண்டன் கல்லும். அதற்குள் அண்ணன் எழும்பி, வெறுங்காலோடு நேரே அந்தக் கிழவரிடம் போய்ப் போனை நீட்டிவிட்டான், "பிளீஸ்" என்று. கிழவர் நாயின் கயிற்றை வாங்கில் மாட்டிவிட்டு எழும்பி வந்தார். அந்தப் பெட்டியைக் கீழே வைக்கலாமே, முகத்தை மறைக்கிறது என்று இங்கிலீஷில் சொன்னார். கேதீஸ்வரன் வைத்தான். வைத்ததும் கைகள் இரண்டுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கிட்ட வாங்கோ, இன்னும் கிட்ட என்று கிழவர் கையால் காட்டினார். கிட்டப் போனான். அண்ணனிடம் ஹொட்டல் சவர்க்கார மணம். பழக்கத்தில் கை தானாக எழும்பி அவன் தோளில் விழுந்தது, சட்டைக்குள் எலும்பு தட்டுப்பட்டது.

கிழவர் போனை உயர்த்திப் பிடித்தபடி, சும்மா கேட்கிறமாதிரி, நீங்கள் இரண்டு பேரும் பிரதர்ஸா என்று கேட்டார்.

அந்த ஒரு சொல்லை நகுலேஸ்வரன் இருபது நாளில் படித்து வைத்திருந்தான். "நோ, நோ," என்றான், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல், முன்பல் இல்லாத சிரிப்போடு. "பிரெண்ட்."

கேதீஸ்வரனுக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை, மூச்சு ஆழமாக உள்ளே போய் வெளியே வந்தது, அவ்வளவு நிம்மதி. அந்த மூச்சு முடிய முதல், தன் விரல்களைப் பார்த்தான். அண்ணனின் தோளில் நாலு விரல் கிடந்தது.

"பிரதர்," என்றான். குரல் தேவைக்கு மேலே உரத்து வந்தது, நாய் நிமிர்ந்து பார்த்தது. "ஹி இஸ் மை எல்டர் பிரதர்."

இந்த நாட்டில், இந்த மொழியில், நிகழ்காலத்தில் அவன் அதைச் சொன்னது அதுதான் முதல் தரம். கிழவர் போனைக் கொஞ்சம் இறக்கி இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் பாட்டில் ஏதோ சொல்லிச் சிரித்தார், இன்னொன்று எடுத்தார், போனைக் கொடுத்துவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு நடந்துபோனார்.

"என்னவாம்?" என்றான் நகுலேஸ்வரன். முகம் வெளிறியிருந்தது.

"நீங்கள் சொல்லத் தேவையில்லை, பாத்தாலே தெரியுதாம்."

நகுலேஸ்வரன் கிழவர் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கேதீஸ்வரன் அவன் கையில் இருந்து போனை வாங்கி, உடைந்த கண்ணாடிக்குள் அம்மாவின் பெயரைத் தேடினான். பின்னால் அண்ணன் படியில் குந்திக் காலுறையை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

"அனுப்பிப்போட்டியே?"

"ஓம்," என்றான் கேதீஸ்வரன். "வாங்கோ, வானில புட்டு இருக்கு."

இரண்டு பேரும் வான் நின்ற பக்கம் நடந்தார்கள். பெட்டி கல்லடியிலேயே இருந்தது. பாதித் தூரம் போன பிறகுதான் அது அவனுக்கு ஞாபகம் வந்தது, சாப்பிட்டுவிட்டு வந்து எடுக்கலாம் என்று விட்டான்.